இரண்டு உப்புகள்

கொலன்னாவை என்றதும் கொழும்புவாசிகளின் நினைவுக்கு வருவன அங்குள்ள எண்ணெய்க் குதங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி அதிகாலை கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் அவை தாக்கப்பட்டுத் தீப்பற்றியபோது, தலைநகரின் வானத்தைக் கரும்புகை மூடியது. 2022இல் குதங்களுக்கு எவ்விதச் சேதமும் இல்லை. ஆனால், எண்ணெய் வாங்க நாட்டிடம் வெளிநாட்டுப் பணம் இல்லை. நிறைந்திருந்த குதம் ஒரு முறை எரிந்தது. எரியாத குதம் இன்னொரு முறை வறண்டது. தட்டுப்பாட்டுக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது எப்படி என்ற கேள்வி இவ்விரு நிகழ்ச்சிகளிலும் இருக்கிறது.

இதே கேள்வியைச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் இத்தீவிலேயே ஓர் அரசு எதிர்கொண்டது. அதுதான் கண்டி இராச்சியம்.

கண்டியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொழும்பும் காலியும் முதலிற் போர்த்துக்கேயரிடமும், பின்னர் ஒல்லாந்தரிடமும், 1796இல் ஆங்கிலேயரிடமும் இருந்தன. துறைமுகத்தை வைத்திருப்பவனே எதிரி. அவனுடைய துவக்கை எதிர்த்துப் போரிடத் துவக்கு வேண்டும். துவக்குக்கு மருந்து வேண்டும். அதை அவனிடமே கேட்டு வாங்க முடியுமா?

துவக்கைப் பொறுத்தவரை மலைநாட்டுக் கொல்லர் விரைவிலேயே விடை கண்டனர். அந்நியரிடம் கண்ட ஆயுதத்தைத் தாமே வடிக்கக் கற்றனர். மருந்துக்கு விடை மலைக்குகைகளில் இருந்தது.

ஆங்கிலேய இராணுவ மருத்துவரான ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இங்கு இருந்தார். புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பி இவர். 1821இல் வெளியான தமது நூலில், மலைநாட்டார் வெடியுப்பு எடுத்த முறையை இவர் விவரிக்கிறார். தும்பறைப் பக்கத்துக் குகைகளில் அதற்கான மூலப்பொருளை வெட்டி எடுப்பார்கள். அதைப் பொடித்து, விறகுச் சாம்பல் கலந்து, நீர்விட்டுப் பாயில் வடிப்பார்கள். வடிந்த நீரை மட்பானைகளிற் காய்ச்சி ஆறவைத்தால் வெடியுப்பு படிகமாக இறங்கும். இதனோடு கரியும் கந்தகமும் சேர்த்து, தட்டைக் கற்களுக்கிடையே அரைப்பார்கள், அல்லது நெல் குற்றும் உரலிலேயே இடிப்பார்கள். பின்னர் வெயிலிற் காயவைப்பார்கள். வேறு பக்குவம் எதுவும் இல்லை. டேவியின் கண்ணுக்கு அது மிகவும் கரடுமுரடான தொழிலாகவே பட்டது.

ஆனால் அந்தக் கரடுமுரடில் ஒரு வலிமை இருந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. பெரிய ஆலையில்லை; பெருங் களஞ்சியமும் தேவையில்லை. சோற்றுக்கு நெல் குற்றிய உரல் போருக்கு மருந்தும் இடித்தது. எரிப்பதற்கு ஓர் ஆலை இல்லாத நாட்டில் எதிரி எதை எரிப்பான்?

உணவு ஏற்பாடும் இப்படித்தான். அரச சேவைக்கு அழைக்கப்பட்ட குடியானவன் பதினைந்து நாளுக்கான அரிசியைத் தானே கட்டிக்கொண்டு வந்தான். தாளிப்பனை ஓலை அவனுக்குக் கூடாரமாயிற்று. அரசனின் களஞ்சியம் ஒவ்வொருவன் தோளிலும் நடந்து சென்றது.

1765ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் பெரும் படையுடன் கண்டிக்குள் நுழைந்தார். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தலைநகரை விட்டு விலகிக்கொண்டான். நகரைப் பிடித்தவர்களை நோயும் பசியும் பிடித்தன. சில மாதங்களில் ஒல்லாந்தப் படை கண்டியைக் கைவிட்டு இறங்கியது. அப்போது கொண்டுசெல்லப்பட்ட லெவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கி, 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பிவந்தது.

இவ்வளவும் கேட்டபின், மருந்தும் அரிசியும் உள்ள நாட்டுக்கு இனி என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். குறை வேறோர் உப்பில் இருந்தது.

வெடியுப்பு குகையிற் கிடைத்தது. கறியுப்பு கடலில் அல்லவா கிடைக்கிறது! புத்தளத்திலும் சிலாபத்திலும் விளைந்த உப்பு, பொதிமாடுகளின் தாவளங்களில் ஏறித்தான் மலைநாட்டு அடுக்களைக்கு வரவேண்டும். வழியை அடைத்துவிட்டால் துவக்கு முழங்கும், கறி ருசிக்காது. 1766 பெப்ரவரி 14ஆம் திகதிய உடன்படிக்கை இதை வெட்டவெளிச்சமாக்கியது. படையால் வென்று வைத்திருக்க முடியாத கண்டியை, கரையைச் சுற்றி வளைத்து ஒல்லாந்தர் பணியவைத்தனர். தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. கண்டியர் தமக்கென்று பெற்றுக்கொண்ட உரிமைகளுள் ஒன்று, கரையோர உப்பளங்களிற் கட்டணமின்றி உப்பு அள்ளுவது! கடலை இழந்த அரசன் ஒரு பிடி உப்புக்கு உறுதி கேட்டு எழுதிவாங்க வேண்டியிருந்தது.

வீட்டு மருந்தும் முற்றிலும் வீட்டு மருந்தல்ல. கந்தகம் இந்தத் தீவில் விளையும் பொருளன்று. அதுவும் கடல் கடந்தே வரவேண்டும். தனித்து நின்றதாக நாம் வியக்கும் இராச்சியமும் யாரோ ஒரு வணிகனின் தோணியையும், யாரோ ஒரு தாவளக்காரனின் மாட்டையும் நம்பியே வாழ்ந்தது.

1815இல் அந்த இராச்சியம் வீழ்ந்தது. மருந்து தீர்ந்ததனாலா? இல்லை. எகலப்பொல முதலான பிரதானிகள் அரசனிடமிருந்து பிரிந்துபோயிருந்தனர். ஆங்கிலேயப் படை பெரும் எதிர்ப்பின்றியே கண்டிக்குள் வந்தது. மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் மறைந்தான். குகைகளில் வெடியுப்பு அப்போதும் இருந்தது. அரசனைச் சுற்றி நம்பிக்கைதான் இல்லாதிருந்தது. 1817–18 கிளர்ச்சியின்போது ஊவா வெல்லஸ்ஸ மக்கள் மீண்டும் போராடினர். ஆங்கிலேயர் அவர்களுடைய வயல்களையும் வீடுகளையும் கால்நடைகளையும் அழித்தனர். உரலில் இடிக்க நெல்லே இல்லாமற் போயிற்று.

ஆகவே, நேயர்களே, கண்டியின் கதையில் தட்டுப்பாட்டுக்கான ஆயத்தம் இரண்டு வகையானது. ஒன்று, கைத்தொழிலாலும் சிக்கனத்தாலும் நாமே செய்துகொள்வது. அதிற் கண்டியர் கெட்டிக்காரர். மற்றையது, அயலவரோடும் தம்முள்ளேயும் இணக்கத்தைக் காத்துக்கொள்வது. அதை எந்தக் குகையிலிருந்தும் வெட்டி எடுக்க முடியாது. வெடியுப்பைக் குறைவின்றிச் செய்துகொண்ட நாடு, கறியுப்புக்குப் பிறர் முகம் பார்த்தது. கொலன்னாவைக் குதங்களுக்கு வரும் எண்ணெயும் கடல் வழியேதான் வருகிறது.