விலைபோகாத முதல் இசைத்தட்டு



ஒரு பாடல் யாருக்கு உரியது? எழுதிய கவிஞனுக்கா, பாடிய குரலுக்கா, கேட்டு வாழவைத்த செவிக்கா? அமெரிக்க இசைத்தட்டு ஒன்றின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

போல் சைமனும் ஆர்ட் கார்பங்கலும் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வளர்ந்த பாடசாலை நண்பர்கள். 1957இல், பதின்ம வயதிலேயே, 'டொம் அன்ட் ஜெரி' என்னும் பெயரில் ஒரு பாடலைப் பாடிச் சிறிது புகழ் பெற்றனர். பின்னர் நாட்டார் பாடல் மறுமலர்ச்சி அவர்களை ஈர்த்தது.

1964 மார்ச்சில் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர்களது முதல் நெடுந்தட்டு பதிவாகியது. தயாரித்தவர் டொம் வில்சன். 'வெட்னஸ்டே மோர்னிங், 3 ஏ.எம்.' என்பது அதன் பெயர். பன்னிரண்டு பாடல்களில் ஐந்து சைமன் இயற்றியவை. ஏனையவற்றுள் மரபுப் பாடல்களும் சமயப் பாடல்களும் பொப் டிலனின் பாடலொன்றும் அடங்கும். இரு குரல்களின் இசைவே அதன் உயிர். வாத்தியங்கள் அடக்கமாகவே ஒலித்தன.

அவ்வாண்டு ஒக்டோபரில் தட்டு வெளிவந்தபோது அமெரிக்கா பீற்றில்ஸ் குழுவின் மின்னிசையில் மூழ்கியிருந்தது. விற்றவை ஏறத்தாழ 3,000 பிரதிகளே என்பர். நண்பர்கள் பிரிந்தனர். சைமன் இங்கிலாந்து சென்றார். கார்பங்கல் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடர்ந்தார்.

அத்தட்டில் 'மௌனத்தின் ஓசை' என்ற பாடலும் இருந்தது. கூடி வாழ்ந்தும் ஒருவர் மனம் மற்றவரை எட்டாத அவலமே அதன் பொருள். செவிசாய்ப்பாரில்லை என்று ஏங்கிய பாடலுக்கே செவிசாய்ப்பார் இல்லாமற் போனது!

ஆயினும் வானொலி அதைக் கைவிடவில்லை. 1965இல் பொஸ்ரன் நகரிலும் புளோரிடாவிலும் அது ஒலிபரப்பானபோது மாணவ நேயர்கள் மீண்டும் மீண்டும் அதனையே கேட்டனர். செய்தி வில்சனை எட்டியது. அந்த ஜூனில், டிலனின் ஒலிப்பதிவுக்கு வந்திருந்த வாத்தியக்காரர் சிலரைக் கொண்டு, பழைய பதிவின்மேல் மின் கிற்றாரும் ட்ரம்சும் சேர்த்தார். முன்பே பாடி முடித்த குரல்களின் நடையை ஒற்றியே அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. பாடியவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.

1966 ஜனவரி முதலாந் திகதி அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பிரிந்தவர்கள் மீண்டும் இணைந்தனர். கைவிடப்பட்ட முதல் தட்டும் அவ்வாண்டே மறுபடி வெளியாகி, பட்டியலில் 30ஆம் இடம்வரை ஏறியது. நாட்டார் பாடலும் றோக் இசையும் கலந்த 'ஃபோக் றோக்' என்னும் புதுநெறி வேரூன்ற அப்பதிவு பெருந்துணை புரிந்தது.

வில்சன் செய்தது சரியா? படைத்தவரைக் கேளாமல் படைப்பிற் கைவைப்பதை நியாயப்படுத்த இயலாது. வெற்றி கிடைத்ததனால் மட்டும் அது நியாயமாகிவிடாது. எனினும், அவர் சொற்களிலோ குரல்களிலோ கைவைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. மக்களை ஈர்த்தது மின்னிசை மட்டுமே என்றால், அதற்கு முன்பே அம்மாணவர்கள் வானொலியில் எதைக் கேட்டு மயங்கினர்? வாத்தியம் குறைந்த அந்த முதற் பதிவைத்தானே!

ஆகவே, அத்தட்டை மீட்டோர் வரிசையில் வில்சனுக்கும் முன்னே நிற்பவர்கள், பெயர் தெரியாத அந்த வானொலி நேயர்களே.