தகடூருக்கு எப்படிப் போவது?

பழைய தலைநகரம் ஒன்றைப் பார்க்கணும்னு சொன்னா, இப்போ நம்ம நண்பர்கள் உடனே கியோட்டோவுக்கு டிக்கெட் தேடுறாங்க. அது இல்லைன்னா தாய்லாந்தில் அயுத்தயா, வியட்நாமில் ஹுவே. கோயில், அரண்மனை, மியூசியம், சாயங்காலம் ஒரு படகுச் சவாரி. தாராளமா போயிட்டு வாங்க. ஆனா நான் சேலத்துக்காரன். எங்க பழைய சேலம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு தலைநகரம் இருந்தது. பெயர் தகடூர், அதியமான்களின் ஊர். இந்த எபிசோட் அங்கே போவது பற்றித்தான்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி பஸ் ஏறினால், தொப்பூர் கணவாய் தாண்டி, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இன்றைய தர்மபுரிதான் அந்தத் தகடூர். 1965 வரைக்கும் அது சேலம் மாவட்டம். இறங்கி, அரண்மனை எங்கேன்னு கேட்டா யாரும் கை காட்ட மாட்டார்கள். கோட்டைக் கோயிலைக் காட்டுவார்கள். அங்கே தரையில் முழுசாகப் படாமல் நிற்கிற ஒரு தூண் இருக்கிறது. அதன் அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்க எப்பவும் நாலு பேர் நிற்பார்கள். அருமையான கோயில், ஆனால் அது நுளம்பர் காலத்தது. சேலம் சாலையில் அதியமான்கோட்டைன்னே ஒரு ஊர் இருக்கு. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலின் சுவர் ஓவியங்களும் ரொம்பப் பிற்காலத்தவை. ஔவையார் பாடிய நெடுமான் அஞ்சியின் ஊரில், அவன் காலத்துச் சுவர் ஒன்றுகூட நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஔவையின் பாடல்களில் அந்த ஊர் இருக்கிறது. அஞ்சியின் தூதாக அவர் காஞ்சிக்குப் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைச் சுற்றிக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மயில் பீலி சூட்டி, பளபளன்னு இருக்கு. ஔவை பாராட்டுகிற மாதிரியே ஒன்று சொல்கிறார்: உன் வேல்கள் எவ்வளவு அழகு, எங்க ராஜாவோட வேல்கள் எல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பயன்படுத்தினால்தானே முறியும்! ஒரு தலைநகரத்தை விருந்தாளியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு இதைவிட நாசூக்காக யாரும் குத்தியிருக்க முடியாது. இன்னொரு பாடலில், அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்கிறார். மோகனூர் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது எனக்கு அந்த வரி ஞாபகம் வரும். திட்ட மனசு வராது.

அந்தத் தகடூரை அழித்தவன் ஒரு சேரன், பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பற்றியது, பாடியவர் அரிசில்கிழார். கொல்லிக் கூற்றத்தில், அதாவது இன்றைய நாமக்கல் பக்கம், அதிகமானையும் அவனோடு நின்ற இரண்டு பெருவேந்தர்களையும் வென்று, பிறகு தகடூரை எறிந்தான் என்கிறது அதன் பதிகம். அந்தப் போரை மட்டுமே பாட ஒரு தனி நூல் இருந்தது. பெயர் 'தகடூர் யாத்திரை'. சுற்றுலா இல்லை, படை நடத்திப் போன யாத்திரை. அந்த நூலும் தொலைந்துவிட்டது. புறத்திரட்டு என்ற தொகுப்பிலும் தொல்காப்பிய உரைகளிலும் சில பாடல்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. ஊரும் போச்சு, ஊர் அழிந்த கதையும் போச்சு.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில், தன் எல்லைக்கு வெளியே தெற்கில் இருப்பவர்கள் என்று ஒரு வரிசை வருகிறது: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். நாலு பேர். பள்ளிப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்தது மூன்று பேரை! அந்த நாலாவது ஆள் யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு தமிழி கல்வெட்டு கிடைத்தது. சமணருக்குப் படுக்கை கொடுத்தவன் பெயர் அதில் இருக்கிறது: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி. ஒரே வரி. அசோகரின் நாலாவது ஆள் நம்ம ஊர்க்காரர் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தகடூரின் ஆதாரம் தகடூரில் கிடைக்கவில்லை, அஞ்சி போர் செய்து பிடித்த கோவலூர்ப் பக்கம்தான் கிடைத்தது.

அதனால் தகடூரைப் பார்க்க விரும்புகிறவர்களை நான் தர்மபுரிக்கு அனுப்புவதில்லை. எதிர்த் திசையில், நாமக்கல்லுக்கு அனுப்புவேன்.

நாமக்கல்லில் பெரும்பாலும் நடப்பது இதுதான். வண்டியை நிறுத்துவோம், பதினெட்டு அடி ஆஞ்சநேயரைக் கும்பிடுவோம், வடமாலைப் பிரசாதம் வாங்குவோம், கிளம்புவோம். கொஞ்சம் நில்லுங்க. ஆஞ்சநேயர் கூப்பிய கையோடு யாரைப் பார்க்கிறார்? எதிரே மலைக்குள் இருக்கும் நரசிம்மரை. அந்தச் சன்னதி கட்டப்பட்டது அல்ல, ஒரே பாறையைக் குடைந்தது. உள்ளே பக்கச் சுவர்களைப் பாருங்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், காலை வானத்துக்குத் தூக்கிய திரிவிக்கிரமர், பூமியைத் தாங்கும் வராகர். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும், அவசரப்படாதீங்க. மலையின் மறுபக்கம் ரங்கநாதர் குடைவரை. படியேற வேண்டும், கூட்டம் குறைவு. எனக்கு இதுதான் பிடிக்கும். பாதி சிவன் பாதி விஷ்ணுவாக ஒரு சங்கரநாராயணர் அங்கே நிற்கிறார். இந்தக் கோயிலின் பழைய பெயரைக் கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது: அதியேந்திர விஷ்ணுகிருகம். குடைந்தவன் அதிய குலத்துக் குணசீலன், எட்டாம் நூற்றாண்டு.

ஊர் எரிந்து பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குடும்பம் பாறை குடைகிற வசதியோடு இருந்திருக்கிறது! அதே காலத்தில் பாண்டியன் நெடுஞ்சடையன் இவர்கள் மேல் படை எடுத்தான். ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்று காவிரிக்கரைப் போர்க்களங்களை அவன் செப்பேடு அடுக்குகிறது. தோற்ற அதியனுக்கு உதவ வந்தவர்கள் இரண்டு பேர் என்றும் சொல்கிறது: பல்லவன், பிறகு சேரன். ஆமாம், ஒரு காலத்தில் தகடூரை எறிந்த அதே சேரன்.

இன்னும் ஒரு நானூறு ஆண்டு தள்ளிப் போங்க. போளூர் பக்கம் திருமலை என்ற சமணக் குன்று. அங்கே தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி வைத்த யட்சன், யட்சி சிலைகளைப் புதுப்பித்துக் கல்வெட்டு வெட்டுகிறான். அந்த எழினி யார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான் தெரியுமா? வஞ்சி மன்னன், சேர வம்சத்தவன்.

அடுத்த எபிசோட்ல கொல்லிமலை, வல்வில் ஓரி. எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, வயிற்றைக் காலியா வச்சுக்கிட்டு வாங்க.