சென்னையின் பழைய ஃப்ரிட்ஜ்

வயதான ஃப்ரிட்ஜை பீர் பாட்டில் அடுக்கும் நிலவறையாக மாற்றிக்கொள்வது வெளிநாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. தனியாக ஒரு தெர்மோஸ்டாட் மாட்டி, 4 டிகிரி குளிரை 12 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இங்கிலாந்து 'ஏல்' வகை பீருக்கு அது போதும். கம்ப்ரசர் செத்துப்போனாலும் பெட்டி வீணில்லை. சுவருக்குள் இருக்கும் ஃபோம் வெப்பத்தை உள்ளே விடாது, ஐஸைப் போட்டு மூடினால் குளிர்பெட்டி தயார்.

மோட்டாரே இல்லாமல், வெறும் சுவரை நம்பி ஓடிய ஒரு ராட்சத ஃப்ரிட்ஜ் நம் பக்கத்திலேயே இருந்தது. திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ்தான்!

இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரையும் ஒயினையும் வெள்ளைக்காரர்கள் முதலில் வெடியுப்பை வைத்துத்தான் குளிரவைத்தார்கள். வெடியுப்பு தண்ணீரில் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் பாட்டிலைச் சுழற்றுவதற்கென்றே 'ஆப்தார்' என்று ஒரு வேலையாள். (மொகலாயர்களுக்கு இந்த வித்தை அதற்கு முன்பே தெரியும்.)

இந்த இடத்தில் நுழைகிறார் பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் குளங்களில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833ல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு கிளம்பி, நாலு மாதம் கழித்து கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி வந்த ஐஸ்! 1840களின் தொடக்கத்தில் சென்னையிலும் கடலோரம் அவருக்கு ஒரு கிடங்கு எழுந்தது.

கடலோரம் என்றதற்குக் காரணம் உண்டு. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. மாமல்லபுரம் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கப்பல் ஒதுங்க முடியாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகில் நம் படகோட்டிகள்தான் அலையைக் கடந்து சரக்கைக் கரை சேர்ப்பார்கள். கொளுத்தும் வெயிலில் சுமந்தவர்கள் இவர்கள், சில்லென்று குடித்தவர்கள் துரைமார்கள். ஐஸ் ஹவுஸ் பற்றிய கட்டுரைகளில் டியூடரின் பெயர் தவறாமல் வரும், படகோட்டிகள் வருவது அபூர்வம்.

1870களில் சென்னையிலேயே மெஷினில் ஐஸ் தயாராகத் தொடங்கியதும் பாஸ்டன் ஐஸுக்கு வேலை போயிற்று. கட்டடம் காலி.

பழைய கட்டடத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்தில் பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் உச்சியிலேயே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலங்கரை விளக்கு எரிந்தது. ஐஸ் ஹவுஸை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றி, நீதிபதி கெர்னன் பெயரில் 'காசில் கெர்னன்' என்று அழைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது இங்கேதான்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பிறகு நடந்தது. 1910களில் சகோதரி சுப்புலட்சுமி, தானே சிறுவயதில் விதவையானவர், இளம் விதவைகளுக்கான விடுதியை இங்கே கொண்டுவந்தார். மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டிருக்க வேண்டிய பெண்கள் இந்தக் கட்டடத்திலிருந்து படிக்கப்போய், பலர் டீச்சர் ஆனார்கள்.

1963ல் அரசு இதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தது. ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு இன்றும் பெயர் ஐஸ் ஹவுஸ்தான். போலீஸ் ஸ்டேஷன்கூட வெகுகாலம் அதே பெயரில்தான் இருந்தது :)