கரையாத கணக்கு

மரக்காணம் உப்பளங்களில் பருவம் தவறி மழை பெய்தால், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். ஆனால் யாருக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கு கரையலாமா? அக்கணக்கு கணிப்பொறியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளியின் கணக்கில் 500 ரூபாய் கழித்தாயிற்று. தொழிலாளியின் கணக்கில் சேர்க்குமுன் மின்சாரம் நின்றுவிட்டது. பணம் எங்கே?

செய்யுமுன் எழுதிவை என்பதே இதற்கு விடை. ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பிறகே கணக்கேட்டைத் திருத்த வேண்டும். 1970களிலேயே வழக்கிலிருந்த இக்கருத்தை முழுமையான முறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்த சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் வேதிப் பொறியியல் பட்டம் பெற்றவர் இவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது, தோழர்கள் நால்வருடன் 1992இல் 'ஏரீஸ்' என்னும் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். இம்முறைப்படி, மின்சாரம் திரும்பியதும் கணிப்பொறி குறிப்பேட்டைப் படிக்கும். நடந்தவற்றை மறுபடி செய்யும். அரைகுறையாக நின்றவற்றை இறுதியில் நீக்கிவிடும். 500 ரூபாய் முதலாளி கணக்குக்கே திரும்பும்; கூலியை மீண்டும் முறையாக வழங்கலாம்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தகவல்தள மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பல நாட்டுப் பொறியாளர்கள் கூடி வளர்க்கும் அம்மென்பொருளில், 2001இல் வந்த 7.1ஆம் பதிப்பு முதல், முன்கூட்டியே எழுதும் குறிப்பேடு இடம்பெற்றுள்ளது.

உப்புக்கு மழை எப்படியோ, கணக்குக்கு மின்தடை அப்படி. இரண்டையும் தடுக்க முடியாது. ஆனால் முன்னரே எழுதிவைத்தால் உழைத்தவன் கூலி தப்பும்.