ஒளியால் அளந்த வாவி

2018ஆம் ஆண்டு முதல் வெளிவரும் நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் ஒரு கட்டடம் அச்சிடப்பட்டுள்ளது. நாள்தோறும் கைமாறும் அதனை நம்மிற் பலர் உற்று நோக்கியிருக்கமாட்டோம். குஜராத்தில் பாட்டன் நகரிலுள்ள ‘ராணி கீ வாவ்’ என்னும் படிக்கிணறு அது. வாவ் என்பதும் நம் வாவி என்பதும் ஒரே வடசொல்லினின்று பிறந்தவை. ஆகையால் அரசியின் வாவி என்று நாம் தயங்காமல் அழைக்கலாம்.

சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் நினைவாக அவன் தேவி உதயமதி 11ஆம் நூற்றாண்டில் இதனை எடுப்பித்தாள் என்பது வழிவழி வரும் செய்தி. நம் கோபுரங்கள் வானோக்கி எழுவன. இதுவோ கோயிலொன்றைத் தலைகீழாகப் பூமிக்குள் இறக்கினாற்போல ஏழு அடுக்குகளாகக் கீழ்நோக்கிச் செல்வது. நீளம் ஏறத்தாழ 64 மீட்டர், அகலம் 20, ஆழம் 27. பெருஞ்சிற்பங்களே ஐந்நூற்றுக்கு மேல்; சிறியன ஆயிரத்துக்கும் அதிகம். பிற்காலத்தில் சரஸ்வதி ஆற்று வெள்ளம் வண்டலைக் கொணர்ந்து இதனை மூடிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்ஜெஸ், கஸின்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் வந்தபோது கண்டது ஒரு பெரும் பள்ளமும் சில தூண்களுமே. 1980களில் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் வண்டலை அகற்றினர். மூடிய மண்ணே சிற்பங்களைக் காத்தது என்பது வியப்பு. வெளிப்பட்ட கல்லுக்கோ இனிக் காற்றும் மழையும் பகை.

தேயுமுன் இதனை அளந்து வைக்க வேண்டும். ஆனால் இத்தனை சிற்பங்களை நாடா பிடித்து அளப்பவர் யார்? 2011ஆம் ஆண்டில் ‘ஸ்காட்டிஷ் டென்’ என்னும் ஸ்காட்லாந்துத் திட்டத்தினர் நம் தொல்பொருள் துறையுடன் கூடி, லேசர் ஒளியினால் இதனை அளந்தனர்.

லேசர் 1960இல் அமெரிக்காவில் முதன்முதல் ஒளிர்ந்தது. அளக்கும் முறை கேட்பதற்கு எளிது. கருவி ஓர் ஒளிக்கதிரை விடுக்கின்றது. அது கல்லில் பட்டுத் திரும்புகின்றது. சென்று வந்த நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகின்றது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்குள் ஒளி ஓர் அடி தூரம் சென்றுவிடும். அதனினும் நுண்ணிய நேரத்தை அளந்தாலன்றி மில்லிமீட்டர்க் கணக்கு வாராது. கருவி சுழன்று சுழன்று இலட்சக்கணக்கான புள்ளிகளைத் திரட்டும். தூணுக்குப் பின்னால் மறைந்திருப்பதை அது காணாது. ஆகையால் இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, பின்னர் எல்லாவற்றையும் கணிப்பொறியில் பொருத்துவர். நம் நாட்டில் அளவுக் கருவி பட்ட பாடு புதிதன்று. 1808இல் லாம்டன் துரை தம் பெருங் கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுவிக்க, கயிறு அறுந்து அது மோதி உடைந்தது. அதனை அவரே செப்பனிட்டு மீண்டும் அளந்தார்.

இவ்வளவு உழைப்பால் பயன் யாது என்று வினவுவோர்க்குப் பாரிஸ் நகரம் விடை தரும். ஆண்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2010இல் அங்குள்ள நோத்ர தாம் பேராலயத்தை ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து அளந்து, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தார். அவர் நாடியது பழுதுபார்ப்பு அன்று; இடைக்காலக் கொத்தர்களின் மனத்தை அறிவதே. மேற்குப் பகுதியில் தூண்கள் ஒரே வரிசையில் நில்லாமையை அவர் கண்டார். முன்பிருந்த கட்டடத்தை இடிக்காமல் அதனையொட்டியே கட்டினர் போலும்! 2018 நவம்பரில் அவர் மறைந்தார். ஐந்து திங்களில், 2019 ஏப்ரல் 15 அன்று, பேராலயக் கூரை தீக்கிரையாயிற்று. புதுக்கியவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகள் துணையாயின. அவற்றோடு, கூரை மரச்சட்டங்களைக் கட்டடக்கலை வல்லுநர் கையால் அளந்து வரைந்த படங்களும் உதவின. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

எனினும் அளவு தீயை அணைக்கவில்லை; தச்சரும் கொத்தருமின்றிக் கூரை எழவுமில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. ஏடுகள் செல்லரிக்குமுன் நம் முன்னோர் படியெடுத்துக் காத்தனர். கணிப்பொறி ஏடும் அத்தகையதே. பொறி பழையதானால் புதியதற்கு மாற்றி எழுதிக்கொண்டேயிருக்க வேண்டும். அப்பணிக்கு ஊதியம் தர எவரேனும் இருத்தல் வேண்டும்.

அடியேன் பணிபுரியும் அலுவலக அலமாரியில் பழைய நிலையக் கட்டடமொன்றின் வரைபடம் உள்ளது. அதில் வாயில் காட்டப்பட்ட இடத்தில் இன்று நிற்பது சுவர். எப்போது அடைத்தார்கள், ஏன் அடைத்தார்கள் என்று சொல்லத்தக்க மேஸ்திரி ஓய்வு பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார்.