போர்க் காயமும் சிறுநீரகமும்: படுவான்கரை அறிய வேண்டியவை

கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் நடந்த படுகொலைகளை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். போரில் காயப்பட்டு உயிர் தப்பியோரின் இன்றைய உடல்நிலை பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பழைய காயம் பல ஆண்டுகள் கழித்தும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அது முற்றும்வரை பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இருக்காது.

போருக்கும் சிறுநீரகத்துக்குமான தொடர்பு புதிதல்ல. லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கி மீட்கப்பட்டோர் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை, பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941இல் விவரித்தனர். அது உடனடிப் பாதிப்பு. நாம் இன்று கவனிக்க வேண்டியது மெல்ல வரும் பாதிப்பு.

அது மூன்று வழிகளில் வரலாம்.

வலி மாத்திரை: எறிகணைச் சிதறல் உடலில் தங்கியோர், அவயவம் இழந்தோர் பலர் வலியோடு வாழ்கின்றனர். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றை வைத்திய ஆலோசனையின்றி நீண்டகாலம் எடுத்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறையும். வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஆபத்து அதிகம்.

முள்ளந்தண்டுக் காயம்: சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாகாதபோது அழுத்தமும் கிருமித்தொற்றும் மேலேறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும்.

ஒற்றைச் சிறுநீரகம்: காயத்தால் ஒன்றை இழந்தவர் நலமாக வாழலாம். ஆனால் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் எஞ்சியதைக் கெடுக்காமல் காக்க வேண்டும்.

இலங்கையில் சிறுநீரக நோய் என்றால் வட மத்திய மாகாண விவசாயிகளிடையே 1990களில் அடையாளம் காணப்பட்ட, காரணம் உறுதியாகாத நோயே முதலில் நினைவுக்கு வரும். 2021இல் பொலன்னறுவையில் அதற்கென சிறப்பு வைத்தியசாலையும் திறக்கப்பட்டது. போர்க் காயத்தின் வழி வரும் நோய்க்கும் அத்தகைய கவனம் தேவை.

இங்கேதான் பயிற்சி முக்கியமாகிறது. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த வைத்தியர், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மேலும் பயின்றே சிறுநீரக நிபுணராகிறார். அவர் கற்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து உருவாகும் கழிவு. கால் இழந்தவரிடமும் இடுப்புக்குக் கீழே இயங்காதவரிடமும் தசை குறைவு. அதனால் சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலும் குருதி அறிக்கை சரியாக இருப்பதுபோல் தோன்றலாம். சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை அந்த மயக்கத்தைக் குறைக்கும். எங்கே காயப்பட்டீர்கள், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று நோயாளியின் மொழியில் கேட்பதும் அந்தப் பயிற்சியில் அடங்க வேண்டும்.

வாவியின் மேற்குக் கரையில் இருப்போருக்கு 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் மட்டக்களப்புப் பயணத்தை எளிதாக்கியது. ஆயினும் இரத்தச் சுத்திகரிப்பு நிலையை எட்டியவர் வாரத்தில் இரண்டு, மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணிநேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். கூலி வேலையை நம்பிய குடும்பத்துக்கு அது பேரிடி.

அந்த நிலைக்குப் போகாமல் காக்க மூன்று பரிசோதனைகள் உதவும்: குருதி அமுக்கம், சிறுநீரில் அல்புமின் புரதம், குருதியில் கிரியேட்டினின். சிறுநீரக வடிகட்டல் அளவு மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் குறைவாக இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய்.

காயப்பட்டவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது இவற்றைச் செய்துகொள்ளுங்கள். கிளினிக் போகும்போது காயத்தின் விபரத்தை நீங்களாகவே சொல்லுங்கள். வீட்டிலுள்ள வலி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.