அனுபவம்: பத்திரத்திலும் பக்தியிலும்

பழைய கிரயப் பத்திரம் எதையாவது பிரித்துப் பாருங்கள். நான்கெல்லையும் விலையும் சொல்லி முடித்ததும், வாங்கியவர் அந்தச் சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ‘ஆண்டு அனுபவித்து’க் கொள்ள வேண்டியது என்று ஒரு வாசகம் வரும். பிறர் நிலத்தில் பல்லாண்டு இருந்து அதற்கே உரிமை கோருவதை வக்கீல்கள் ‘எதிரிடை அனுபவம்’ என்பார்கள். இங்கே அனுபவம் என்பது கைவசம் உள்ளதைத் தடையின்றி நுகர்ந்து வருவது. ஒரு நாள் மாலை வரப்பில் நின்று வயலைப் பார்த்து மகிழ்ந்தவனுக்கு அந்த வயலில் அனுபவம் உண்டு என்று எந்தப் பத்திரமும் எழுதாது. ஆனால் இதே சொல் ‘இறையனுபவம்’ என்று சமயத்துக்குள் வரும்போது நாம் இன்று நினைப்பது கிட்டத்தட்ட அந்த மாலைப் பொழுதைத்தான்: தனிமையில், யாரோ ஒருவருக்கு, சில கணங்கள் நேர்ந்த ஒளி அல்லது பேரமைதி. கடவுள் உண்டு என்பதற்கு அதுவே கடைசிச் சான்று என்றும் சொல்கிறோம். இந்தப் பொருள் தமிழில் இளையது என்பதும், நம் பக்தி மரபில் இந்தச் சொல் பத்திரத்தின் பொருளுக்கே நெருக்கமாக வாழ்ந்தது என்பதும் என் வாதம்.

சொல் வடசொல். ‘பூ’ என்னும் வினையடி ‘அனு’ என்ற முன்னொட்டோடு சேர்ந்து அனுபவம், அனுபூதி என இரு வடிவும் பிறந்தன. தருக்க நூலார் இதை வெறும் அறிவுப் பெயராக எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம், அறிவை நினைவு, அனுபவம் என்று இரண்டாகப் பிரித்து, அனுபவத்தையும் உள்ளபடியானது, உள்ளபடி அல்லாதது என்று மறுபடி பிரிக்கிறது. சிப்பியைப் பார்த்து வெள்ளி என்று கொள்வதும் அவர் கணக்கில் அனுபவமே. ஆகவே அனுபவம் என்று பெயர் சூட்டிவிட்டதால் ஒன்று மெய்யாகிவிடாது என்பது இந்தச் சொல்லைப் பிறப்பித்த மரபுக்கே தெரியும். வினைப்பயனை நுகர்தல் என்பது சொல்லின் இன்னொரு கிளை. தமிழில் ஆழ வேரூன்றியது அதுதான். ‘செஞ்சதை அனுபவிச்சுத்தான் ஆகணும்’ என்கிற பேச்சிலும், ‘இருக்கிறதை அனுபவிக்கத் தெரியாதவன்’ என்கிற பேச்சிலும் வருவது துய்ப்பு.

வைணவ உரைகளில் இது பளிச்சென்று தெரியும். 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஆழ்வார் ஒரு பதிகத்தில் இறைவனைக் கண்முன் கண்டவராய்க் களிக்கிறார். அடுத்த பதிகத்திலேயே தலைவியாகிப் பறவைகளைத் தூது விட்டு ஏங்குகிறார். ஏன் இந்த மாற்றம்? உரைகாரர் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: முன்னது மானஸ அனுபவம் மட்டும், உள்ளத்தால் நுகர்ந்தது; அதோடு நில்லாமல் புறத்தே அணைக்கக் கைநீட்டினார், கிட்டவில்லை, கலங்கினார். அகக்காட்சி இங்கே சிகரமாக நிற்கவில்லை, பசியைத் தூண்டிவிடும் முதல் கவளமாக இருக்கிறது. அனுபவம் ப்ரீதியை, அதாவது உவகையைப் பிறப்பிக்கும், ப்ரீதி கைங்கர்யத்தில், அதாவது தொண்டில் கொண்டுபோய் விடும் என்ற வரிசையும் அந்த மரபில் உறுதியாக நிலைத்தது. இன்றும் உபந்யாசகர் ‘இந்தப் பாசுரத்தை அனுபவிப்போம்’ என்றுதான் தொடங்குகிறார். அனுபவிப்போம் என்ற அந்தப் பன்மை முக்கியம். இறைவனின் எளிமையை, நீர்மையைச் சுவைப்பதே குணானுபவம்; இங்கே அதை ஒரு கூட்டமாகச் சேர்ந்து செய்கிறார்கள். குடந்தைப் பெருமானுக்கு ஆராவமுதன் என்று பெயர் வழங்குவதும் இந்தச் சுவைப் பொருளில்தான்.

சைவம் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. சித்தாந்தம் ஆன்மாவின் ஏற்றத்தைத் தசகாரியம் எனப் பத்துப் படிகளாக வகுக்கிறது. அவற்றின் கடைசி நான்கு சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம். காணுதல் எட்டாம் படி. துய்த்தல் பத்தாம் படி. தரிசனத்தோடு கதை முடிந்தது என்று எண்ணியிருந்தால் அதற்கு மேல் இரண்டு படி கட்டியிருக்க வேண்டியதில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டாம் நூற்பாவில், மலம் நீங்கியவர் அடியாரோடு கூடித் திருக்கோயிலையும் அடியார் வேடத்தையும் இறைவனாகவே தொழுவார் என்று முடிகிறது. நூலின் இறுதிச் சொல் தனியறையில் இல்லை, ஊர்க்கோயிலில் இருக்கிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வலிய சான்று, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொல்லும் சுந்தரர் வழக்கு. மணப்பந்தலில் ஒரு முதிய அந்தணர் வந்து, இவன் எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றால் நிறுவு என்று அவையோர் கேட்கிறார்கள். கிழிந்தது படியோலை என்று சொல்லி, முதியவர் மூல ஓலையை நீட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு சுவடியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பாகிறது. உம் வீட்டைக் காட்டும் என்றதும் முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைகிறார். தெய்வக் காட்சி அதற்குப் பிறகே வருகிறது. கடவுளை நேரில் சந்தித்ததை ஒரு சொத்து வழக்காக, அதுவும் ஊரறிய நடந்த வழக்காகச் சொன்ன மரபு இது. ‘அயலார் காட்சி’ என்பதில் காட்சிக்குச் சாட்சி என்று பொருள். ‘ஆட்சி’ என்பதோ நெடுநாள் கைக்கொண்டு வருதல், நம் பத்திரத்தின் ‘ஆண்டு’ என்ற வினைக்கு உறவு. பத்திரம் இங்கே தலைகீழாகியும் இருக்கிறது: உடைமையாளன் இறைவன், உடைமை அடியார். ஆன்மா இறைவனால் துய்க்கப்படும் பொருள் என்று வைணவ ஆசாரியர்கள் சொன்னதும் இதே கருத்து. அனுபவத்தைத் துய்ப்பு என்றால் கடவுளை நுகர்பொருளாக்குகிறோமே என்று அஞ்சுகிறவர்களுக்கு இதில் விடை இருக்கிறது.

சங்கரர் என்ன ஆனார் என்று கேட்பார்கள். பிரம்ம சூத்திர உரையின் தொடக்கத்திலேயே, பிரம்ம ஆராய்ச்சிக்குச் சுருதியோடு அனுபவம் முதலியனவும் பிரமாணம் என்கிறாரே? ஆம். ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம், பிரம்ம ஞானம் அனுபவத்தில் சென்று முடிகிறது என்பது. முடிவிடமாக அனுபவத்தை வைப்பது வேறு, சுருதியைச் சோதிக்கும் தனி உரைகல்லாக வைப்பது வேறு. உரைகல்லாக ஆக்கியது பின்னாளைய வாசிப்பு என்று வில்ஹெல்ம் ஹால்ப்ஃபாஸ், அனந்தானந்த் ராம்பச்சன் போன்ற அறிஞர்கள் விரிவாகவே வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் சான்று கனக்கிறது.

அந்தப் பின்னாள் எது? வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902இல் நூலாகி, சமயத்தின் உயிர்நிலை தனிமனித அனுபவமே என்ற எண்ணத்தைப் பரப்பின. திருத்தணியில் பிறந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் படித்த ராதாகிருஷ்ணன், 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்து சமயத்தை விளக்கியபோது அனுபவத்தையே அதன் அடித்தளமாக வைத்தார். மூடநம்பிக்கை என்று இகழ்ந்தவர்களுக்குக் கொடுத்த நேர்மையான பதில் அது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. அவருக்கும் முன்பே, 1881இல், ‘கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா’ என்று, பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரன் இராமகிருஷ்ணரைக் கேட்கவில்லையா என்றால், கேட்டார். ஆனால் அவருடைய கல்லூரி முதல்வர் ஹேஸ்டி வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைக்கு விளக்கம் சொல்லும்போதுதான் இராமகிருஷ்ணரின் பரவச நிலையைக் குறிப்பிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; அந்தக் கேள்விக்குப் பின்னாலும் மேற்கத்திய வாசிப்பு இருந்தது. அதே இராமகிருஷ்ணர், சமாதியிலேயே ஆழ்ந்திருக்க ஆசைப்பட்ட நரேந்திரனைக் கடிந்து, நீ ஆலமரமாகிப் பலருக்கு நிழல் தர வேண்டியவன் என்றார்.

இரமணரைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. 1896இல் மதுரை வீட்டில் பதினாறு வயதுச் சிறுவனுக்கு நேர்ந்தது தனி அனுபவம் இல்லையா? நேர்ந்தது தனியாகத்தான். ஆனால் அவர் அழுத்திச் சொன்னது அது பிறகு நீங்கவே இல்லை என்பதை. வந்து போகும் காட்சிகளைப் பற்றிக் கேட்டவர்களிடம், காண்பவன் யார் என்று பார்க்கச் சொன்னார். வருவது போகும், என்றும் உள்ளதே மெய் என்ற அந்த நிலைப்பாட்டில், தொடர்ந்து ஆண்டு அனுபவித்தல் என்ற பழம்பொருள் அத்வைதத்தின் மொழியில் பேசுகிறது.

எனவே ஈட்டையும் சித்தாந்த உரைகளையும் இக்காலத் தமிழிலோ பிற மொழிகளிலோ தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘அனுபவம்’ வரும் இடமெல்லாம் இன்றைய பொருளிலேயே அதை விட்டுவிடாதீர்கள். துய்ப்பு என்றோ நுகர்வு என்றோ எழுதுங்கள்; குறைந்தது அடிக்குறிப்பாவது கொடுங்கள். அது இல்லாமல் படிக்கும் இளையவர், ஆழ்வார் எந்த இடத்தில் இன்னும் பசித்து நிற்கிறார் என்று உரைகாரர் காட்டுகிறாரோ, அதே இடத்தில் அவர் நிறைவடைந்துவிட்டார் என்று புரிந்துகொள்வார்.